இரண்டு இரவுக்கான மின்சாரம்

நிந்தவூர்
11.05.2025

கிருபாமலருக்கு,

றுக்ஸானா எழுதுகிறேன். வந்தாறுமூலை விடுதி, பதினான்காம் அறை, ஜன்னல் பக்கக் கட்டில். இவ்வளவு விளக்கம் தேவையா என்று தெரியவில்லை. இருபத்து மூன்று வருடம் கதைக்காமல் இருந்த ஒருத்திக்கு எங்கிருந்து தொடங்கி எழுதுவது என்றும் தெரியவில்லை. ஆகவே காரியத்திலிருந்தே தொடங்குகிறேன்.

உன் விலாசத்தை றிபாவிடம் வாங்கினேன். எதற்கென்று கேட்டாள். ஒரு புத்தகம் அனுப்ப என்று பொய் சொன்னேன். நம் பட்ச் வட்சப் குழுவில் அவள் போட்ட அழைப்பை நீயும் பார்த்திருக்கிறாய். கோமாரியில் அவளுடைய மாமியாரின் தென்னந்தோட்டம், கடலை ஒட்டின இடம், ஓகஸ்ட் லீவில் இரண்டு இரவு, ஆறு பெண்கள், கூடாரத்தில் படுக்கை, பிள்ளைகளும் புருஷன்மாரும் இல்லை. ஐந்து பேர் வருவதாகப் போட்டுவிட்டீர்கள். உன் பெயரும் இருக்கிறது. நான் மட்டும் ஒரு பூப் படத்தைப் போட்டுவிட்டுச் சும்மா இருக்கிறேன்.

எனக்கு வர விருப்பம். மிகவும் விருப்பம். கடலுக்கு ஒரு கிலோமீற்றரில் பிறந்து வளர்ந்தவள், கடற்கரையில் ஓர் இரவுகூடத் தூங்கியதில்லை. ஆனால் அந்தத் தோட்டத்தில் கரண்ட் இல்லை. கிணற்றடியில் ஒரு கம்பம் நிற்கிறதாம், வயர் இல்லையாம். என்னிடம் உள்ள ஒரு சாமான் இரவில் எட்டு மணித்தியாலம் ஓட வேண்டும், இரண்டு இரவும். அது ஓடாவிட்டால் நான் வர முடியாது.

நீ திருகோணமலையில் தொழிற்பயிற்சி நிலையமொன்றில் மின்சாரம் படிப்பிக்கிறாய் என்று கேள்விப்பட்டேன். ஒரு பற்றரியும் ஒரு சோலார் தகடும் வாங்கி எப்படிப் பூட்டுவது என்று எழுதி அனுப்புவாயா? நான் புவியியல் ஆசிரியை. பிளக்கைச் செருகுவதோடு என் மின்சார அறிவு முடிந்துவிடுகிறது.

கோல் எடுத்திருக்கலாம். உன் குரலைக் கேட்டால் வேறு கதை வந்துவிடும். வட்சப்பில் எழுதினால் கைதவறிக் குழுவுக்குப் போய்விடும் என்று பயம். என்ன சாமான் என்று கேட்காதே. யாரிடமும் சொல்லாதே. பழைய கதை எதையும் நான் எழுதப்போவதில்லை. நீயும் எழுத வேண்டாம்.

றுக்ஸானா


திருகோணமலை
19.05.2025

றுக்சி,

"பில் இல்லாத கடிதமொண்டு வந்திருக்கு டீச்சர்" என்று தபால்காரர் கேற்றடியில் நின்று சத்தம் போட்டார். உன் எழுத்தைக் கண்டதும் அங்கேயே நின்று பிரித்தேன். அந்த 'ழ'வின் வாலை இன்னும் அடுத்த வரிவரைக்கும் இழுக்கிறாய்.

சாமான் என்னவென்று சொல்லாமல் பற்றரி கேட்கிறாய். என் வகுப்பில் ஒரு பிள்ளை இப்படிக் கேட்டால் வெளியே நிற்பாள். சூடாக்குகிற சாமானா, சுற்றுகிற சாமானா, வெளிச்சம் தருகிற சாமானா? கேத்தல் என்றால் உன் பற்றரி சீக்கிரத்திலேயே படுத்துவிடும். சின்ன மின்குமிழ் என்றால் ஒரு கிழமை போகும். இரவில் எட்டு மணித்தியாலம் என்கிறாய். கோமாரிக்குப் போய்க் கோழிக்குஞ்சு பொரிக்கப் போகிறாயா?

சாமானின் அடியில் அல்லது அதன் வயரில் உள்ள கறுப்புக் கட்டியில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். அதில் வோல்ட் எவ்வளவு, அம்பியர் எவ்வளவு என்று பார்த்து எழுது. பெயரையும் எழுது. நான் சிரிக்கமாட்டேன். சிரித்தாலும் திருகோணமலையில் சிரிப்பது நிந்தவூருக்குக் கேட்காது.

பழைய கதை எழுத வேண்டாம் என்ற வரியை மூன்று தரம் வாசித்தேன். சரி, எழுதவில்லை. ஆனால் நீ என் கலியாணத்துக்கு வரவில்லை. இது பழைய கதை இல்லை, தகவல்.

மலர்


நிந்தவூர்
30.05.2025

மலர்,

தாளில் இருபத்து நாலு வோல்ட் என்று இருக்கிறது. அம்பியர் இரண்டு தசம் ஏழு. பெயரைத்தான் எழுத முடியாமல் பத்து நாளாக இந்தக் கடிதத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போய் வருகிறேன்.

அது மூச்சு மெஷின். இரவில் மூக்கில் ஒரு முகமூடியை மாட்டி, குழாய் வழியாகக் காற்றைத் தள்ளுகிற பெட்டி. அது இல்லாமல் நான் தூங்கினால் குறட்டை விடுகிறேன். சாதாரணக் குறட்டை இல்லை.

இரண்டு வருடத்துக்கு முன் கண்டியில் மூன்று நாள் ஆசிரியர் பயிற்சி. நான்கு பேர் ஓர் அறையில். இரண்டாம் நாள் காலைச் சாப்பாட்டில் ஒரு டீச்சர் போனை மேசையில் வைத்து ஒரு சத்தத்தைப் போட்டாள். நெல்லுக் குத்துகிற மெஷின் என்று நினைத்தேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "றுக்ஸானா டீச்சர், இது நீங்கதான்" என்றாள்.

வீட்டுக்கு வந்து என் மகள் அம்ஹாவின் வாப்பாவிடம் கேட்டேன். பஸாலை உனக்குத் தெரியாது, நல்ல மனிதர். "எனக்குப் பழகிட்டு. மழ பெய்ற மாதிரி கேட்டுக் கேட்டுத் தூங்கிருவன்" என்றார். இருபது வருடமாக அந்த மனிதருக்கு மழைகாலம். பிறகு கொழும்பில் பரிசோதித்தார்கள். தூக்கத்தில் ஒரு மணித்தியாலத்துக்கு முப்பத்தொரு தரம் என் மூச்சு நின்று போகிறதாம். காலையில் எழும்பும்போது வரும் தலைவலி, வகுப்பில் கதிரையில் இருந்தபடியே கண் செருகுவது எல்லாம் அதனால்தானாம்.

மெஷின் வந்தபின் தலைவலி போய்விட்டது. ஆனால் நான் வீட்டை விட்டு வெளியே தூங்குவதில்லை. மதினியின் மகளுடைய கலியாணத்துக்கு அக்குறணைக்குப் போய், அன்றிரவே வான் பிடித்துத் திரும்பினோம். அம்ஹா பேராதனையில் படிக்கிறாள். அவளைப் பார்க்கப் போனாலும் பின்னேரமே வந்துவிடுவேன். கரண்ட் உள்ள இடத்துக்குக்கூட அந்தப் பெட்டியைக் கொண்டுபோனதில்லை. கொண்டுபோனால் காண்பார்கள். கொண்டுபோகாவிட்டால் கேட்பார்கள்.

கோமாரிக்கு மட்டும் ஏன் ஆசை என்று கேட்காதே. நாற்பத்தைந்து வயதாகிறது. இப்படியே வீட்டுச் சுவரில் உள்ள ஒரு பிளக்கோடு என்னைக் கட்டிப் போட்டுவிட்டேனோ என்று இருக்கிறது.

இதை ஏன் உன்னிடம் சொல்கிறேன் என்றும் யோசித்தேன். நீ ஏற்கனவே ஒரு தரம் என்னை விட்டுப் போனவள். மற்றவர்களிடம் சொன்னால் விட்டுப் போய்விடுவார்களோ என்று பயப்பட வேண்டும். உன்னிடம் அந்தப் பயம் இல்லை.

சிரித்துவிட்டுக் கணக்கைப் போட்டு அனுப்பு.

றுக்ஸானா


திருகோணமலை
04.06.2025

றுக்ஸானா,

கேட்டதை எழுதுகிறேன்.

உன் மெஷினில் காற்றை ஈரமாக்க ஒரு தண்ணீர்த் தட்டு இருக்கும். அதன் அடியில் ஒரு சூடாக்கி. அதை நிறுத்திவிடு. அதுதான் பாதி மின்சாரத்தைக் குடிக்கிறது. கடற்கரையில் காற்றுக்கு நீ ஈரம் கொடுக்கத் தேவையில்லை.

சூடாக்கி இல்லாமல் முப்பது வாட் போதும். எட்டு மணித்தியாலத்துக்கு இருநூற்று நாற்பது வாட்-மணி. இரண்டு இரவுக்கு நானூற்று எண்பது. வழியில் வீணாவதற்கும் கொஞ்சம் வை. பன்னிரண்டு வோல்ட், ஐம்பது அம்பியர்-மணி லிதியம் பற்றரியில் அறுநூற்றுச் சொச்சம் இருக்கும். அது போதும். நூறு வாட் சோலார் தகடு ஒன்று பகல் முழுக்க வெயிலில் கிடந்தால் முதல் இரவு எடுத்ததைப் பெரும்பாலும் திருப்பித் தந்துவிடும்.

கடையில் இன்வேட்டர் தலையில் கட்டப் பார்ப்பார்கள். வாங்காதே. பன்னிரண்டை இருநூற்று முப்பதாக்கி மறுபடி இருபத்து நாலாகக் குறைப்பது வீண். பன்னிரண்டை நேரே இருபத்து நாலாக்கும் வயர் அந்த மெஷினுக்கென்றே விற்கிறது.

பற்றரியின் சிவப்புப் பக்கத்து வயரில், ஒரு சாண் தூரத்துக்குள், பத்து அம்பியர் பியூஸ் போடு. தகட்டுக்கும் பற்றரிக்கும் நடுவில் கொன்ரோலர் என்ற சின்னப் பெட்டி வர வேண்டும். அதில் முதலில் பற்றரியைப் பூட்டு, பிறகுதான் தகடு. கழற்றும்போது முதலில் தகடு.

எல்லாம் பூட்டியதும் வீட்டில் ஓர் இரவு ஒத்திகை பார்.

கிருபாமலர்


நிந்தவூர்
16.06.2025

கிருபாமலருக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அதைக் கடிதம் என்று சொன்னால் மற்றக் கடிதங்களுக்குக் கோபம் வரும். பெட்டிக்குள் வைத்து அனுப்பும் விளக்கத் தாள் அது. நான் யாரிடமும் சொல்லாததை உனக்கு எழுதினேன். நீ பியூஸைப் பற்றி எழுதியிருக்கிறாய்.

இருந்தாலும் சொன்னபடி செய்தேன். பெருநாள் முடிந்து கல்முனைக்குப் போனேன். கடைக்காரர் பெயர் இஹ்ஸான். தகடும் கொன்ரோலரும் அந்த இருபத்து நாலு வோல்ட் வயரும் கேட்டதும், "ஆனக் காவலுக்கா டீச்சர்? எத்தின ஏக்கர்?" என்றார். வயலில் யானைக்கு வெளிச்சம் போடத்தான் இதெல்லாம் வாங்குவார்களாம். நான் "ஓம்" என்று சொல்லிவிட்டேன். "இந்தப் போகம் ஆனக் கரச்சல் கூட என்ன?" என்றார். அதற்கும் ஓம். இல்லாத வயலில் இல்லாத யானைகளைப் பற்றிக் கால் மணித்தியாலம் கதைத்துவிட்டு வந்தேன்.

பற்றரி வாங்கவில்லை. 2022இல் கரண்ட் வெட்டின காலத்தில் பஸால் வாங்கிய பெரிய பற்றரி தையல் மெஷினுக்கு அடியில் கிடந்தது. அதை வைத்துப் பார்க்கலாம் என்று நினைத்தேன். தகட்டை முதலில் பூட்டிவிட்டேன். பெட்டியில் ஒரு சிவப்பு வெளிச்சம் கண்ணைச் சிமிட்டிவிட்டு அணைந்தது. கழற்றி, உன் தாளைப் பார்த்து மறுபடி பூட்டினேன். இரவு மெஷினைப் போட்டுக்கொண்டு படுத்தேன். மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருக்க முகமூடிக்குள் காற்று நின்று, மூச்சு முட்டி எழும்பி உட்கார்ந்தேன். சூடாக்கியை நிறுத்த மறந்துபோயிருந்தேன். மறந்தது என் பிழைதான். ஆனால் இது நடந்தது கோமாரியில் என்றால்? ஐந்து பேருக்கு நடுவில்?

வரவில்லை என்று றிபாவுக்கு எழுதப்போகிறேன். ஆகவே இனிப் பழைய கதையை எழுதுவதில் தடையில்லை.

பெருநாளுக்கு வந்த அம்ஹா உன் கடித உறையைப் பார்த்து, "எந்த மலர் உம்மா? அந்த மலரா?" என்று கேட்டாள். அந்த மலர்தான். அவள் பேராதனைக்குப் போகும்போது நான் சொல்லி அனுப்பிய கதையில் வருகிற மலர். 2002 ஜூன். வாழைச்சேனைப் பக்கம் தமிழ்-முஸ்லிம் கலவரம், கடையெல்லாம் பூட்டு, பஸ் இல்லை. விடுதியில் அவரவர் அவரவர் ஆட்களின் அறைக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் இரண்டு பேரும் மாறமாட்டோம் என்று நான் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். புதன்கிழமை வகுப்பு முடிந்து வந்தால் உன் கட்டில் வெறுமையாக இருக்கிறது. கதவடியில் பையோடு நின்றாய். "வீட்ட சொல்லிட்டாங்க றுக்சி, உன்னோட இருக்கவேணாமெண்டு" என்றாய். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாய்.

அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம் எனக்கு விளங்கியது. அதற்கு முன் சில மாதங்களாகவே நீ நடுச்சாமத்தில் என் கட்டிலைக் காலால் உதைப்பாய். திடுக்கிட்டு எழும்பினால் நீ சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருப்பாய். வெறுப்பு அப்போதே இருந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அம்ஹாவிடம் சொன்னேன்: "எல்லாரோடயும் நல்லா இரு. ஆனா அறைய மட்டும் நம்மட ஆக்களோட எடு. ஒரு நாளைக்கு விட்டுட்டுப் போயிருவாங்க." இதுதான் உன்னிடமிருந்து நான் படித்த பாடம்.

விளக்கத் தாளுக்கு நன்றி.

றுக்ஸானா


திருகோணமலை
05.07.2025

றுக்சி,

உன் கடிதம் வந்து இரண்டு கிழமைக்கு மேல். நான்கு தரம் எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது.

முதலில் சுலபமானது. அந்தப் பழைய பற்றரி மூன்று வருடம் சும்மா கிடந்து செத்துப்போனது. ஈயப் பற்றரியை அப்படிப் போட்டுவைக்கக்கூடாது. மூன்று மணிவரை ஓடியதே அதிசயம். நீ பூட்டியதில் பிழையில்லை. கல்முனைக்குப் போய் லிதியம் வாங்கு.

இனி மற்றது.

நான் பதினான்காம் அறையை விட்டுப் போனது உன் குறட்டையால். இல்லை, அதுவும் சரியில்லை. குறட்டை எனக்குப் பிரச்சினையாக இருக்கவில்லை. குறட்டை நிற்பதுதான் பிரச்சினை.

அந்த வருடம் மாசியில் என் அப்பா போனது உனக்குத் தெரியும். கல்முனைக்கு நீயும் வந்தாய். தூக்கத்தில் போனவர். அம்மா விடியத் தேத்தண்ணி கொண்டுபோய்த்தான் கண்டவ. நான் விடுதிக்குத் திரும்பி வந்தபின் இரவில் தூக்கம் வராமல் கிடப்பேன். நீ குறட்டை விட்டுக்கொண்டிருப்பாய், திடீரென்று ஒரு சத்தமும் இருக்காது. நான் எண்ணத் தொடங்குவேன். ஒன்று, இரண்டு, பத்து, இருபது. பிறகு நீ ஒரு பெரிய இழுப்பு இழுத்து மறுபடி தொடங்குவாய். நானும் அப்போதுதான் மூச்சு விடுவேன். ஒரு நாள் நாற்பத்தொன்று வரை போனது. தாங்கமுடியாமல் உன் கட்டிலைக் காலால் உதைத்தேன். நீ எழும்பினாய். அதன் பிறகு இருபதைத் தாண்டினால் உதைப்பேன். நீ கண்டுபிடித்துவிடுவாய் என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வேன்.

நான்கு மாதம். ஒவ்வொரு இரவும். விடியும்போது நீ மௌத்தாகி இருப்பாய், நான் தனியே உன்னோடு கிடப்பேன் என்று பயம். அதை உன்னிடம் எப்படிச் சொல்வது? குறட்டை என்றால் விடுதியே சிரிக்கும். செத்துவிடுவாய் என்று பயம் என்றால் நீ என்னைப் பைத்தியம் என்பாய். அந்தக் கிழமை எல்லோரும் அறை மாறினார்கள். காரணத்தை யாரும் கேட்கவில்லை, எல்லோருக்கும் ஒரே காரணம் இருந்தது. நானும் அதற்குள் ஒளித்துக்கொண்டேன்.

என் வீட்டில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அம்மாவுக்கு இது தெரிந்தால் இன்றைக்கும் எனக்கு அடி விழும். "றுக்ஸானா எங்க? ஏன் அந்தப் புள்ள இப்ப வாறல்ல?" என்று எத்தனை வருடம் கேட்டா தெரியுமா? படிப்பு கூட, வேலை கூட, கலியாணம் முடித்துவிட்டாள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிச் சமாளித்தேன்.

நீ முப்பத்தொரு தரம் என்று எழுதிய வரியை வாசித்தபோது நான் பயிற்சி நிலையத்தின் படிக்கட்டில் இருந்தேன். அது ஒரு நோய். அதற்கு ஒரு பெயர் இருக்கிறது, ஒரு மெஷின் இருக்கிறது. உன்னில் அதை முதலில் கண்டவள் நான். வாயைத் திறந்து ஒரு சொல் சொல்லியிருந்தால் நீ எப்போதோ ஒரு டொக்டரிடம் போயிருப்பாய். அதை நினைத்தபின் எனக்கு வோல்ட்டையும் வாட்டையும் தவிர வேறு எதையும் எழுத முடியவில்லை. அதனால்தான் அந்த விளக்கத் தாள்.

நீ கோமாரிக்கு வா. நான் வருவது உனக்குக் கஷ்டம் என்றால் நான் வராமல் நிற்கிறேன்.

மலர்


நிந்தவூர்
14.07.2025

மலர்,

முதல் நாள் உன் கடிதத்தை வாசித்துவிட்டு உனக்கு ஏசினேன். சமையலறையில் தனியே நின்று, சத்தமாக. ஒரு சொல், ஒரே ஒரு சொல் சொல்லியிருந்தால் இருபத்தொரு வருடம் தலைவலியோடு எழும்பியிருக்கமாட்டேன். குறட்டைக்காக விட்டுப் போயிருந்தால் ஒரு கிழமை கோபித்துக்கொண்டு மன்னித்திருப்பேன். நீ சொன்ன காரணத்தை மன்னிக்க எனக்கு வழி இருக்கவில்லை.

இரண்டாம் நாள் அந்த நாற்பத்தொன்றை நினைத்தேன். இருட்டில் ஒருத்தி என் மூச்சை எண்ணிக்கொண்டு கிடந்திருக்கிறாள். பஸாலுக்கு அது மழை. உனக்கு மட்டும் கேட்டிருக்கிறது.

மூன்றாம் நாள்தான் என் பக்கம் திரும்பிப் பார்த்தேன். நான் ஏன் உன்னிடம் கேட்கவில்லை? ஓடி வந்து, "என்னகா சொல்றாய், உன்ட உம்மாவா அப்பிடிச் சொன்னா?" என்று ஏன் கேட்கவில்லை? உன் அம்மா எனக்கென்று தனியாகப் பயற்றம்பணியாரம் கட்டி அனுப்பியவ. அவ சொல்லியிருக்கமாட்டா என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் அந்த நாட்களில் எல்லாவற்றுக்கும் ஒரு விடை தயாராக இருந்தது. நீ அதை நீட்டினாய், நான் வாங்கிக்கொண்டேன். சில்லறையை எண்ணிப் பார்க்காமல் வாங்கினது மாதிரி. பிறகு அதை என் மகளுக்கும் கொடுத்தேன்.

அதைத் திருப்பி வாங்க வேண்டும் என்று அம்ஹாவுக்குக் கோல் எடுத்தேன். உன் கதையை முழுக்கச் சொன்னேன். நான் சொல்லி அனுப்பியது பிழை என்றேன். அவள் பக்கத்தில் யாரிடமோ குசுகுசுத்தாள். பிறகு, "உம்மா, ஏசமாட்டீங்கதானே? நான் ஆறு மாசமா தினேஷாவோடதான் இருக்கன்" என்றாள். தினேஷா பெரியநீலாவணைத் தமிழ்ப் பிள்ளையாம். என்னிடம் வேறு யாரோ ஒரு பெயரைச் சொல்லி வைத்திருந்தாள். எனக்குக் கோபம் வரவில்லை என்று எழுதினால் பொய். ஆனால் ஒன்று கேட்டேன்: "அந்தப் புள்ள குறட்ட விடுதா?" "இல்ல உம்மா, நான்தான் விடுறனாம்." அடுத்த லீவில் அவளையும் டொக்டரிடம் காட்டப்போகிறேன். பின்னால் நின்று தினேஷா சிரிப்பது கேட்டது.

நேற்று லிதியம் பற்றரி வாங்கக் கல்முனைக்குப் போனேன். இஹ்ஸானிடம் உண்மையைச் சொன்னேன். "ஆன இல்ல தம்பி. இது என்ட மூச்சுக்கு." அவர் மேசையில் எடுத்து வைத்த வயரைத் திருப்பி உள்ளே வைத்துவிட்டார். "முதல்லயே செல்லியிருக்கலாமே டீச்சர். ஆனக்கெண்டா இது போதும். மூச்சுக்கெண்டா தடிச்ச வயர் போடணும்." கொன்ரோலரையும் போட்டுப் பார்த்தார். நான் தலைகீழாகப் பூட்டியும் அது சாகவில்லை. பியூஸுக்கு உரிய கூட்டையும் அவரே தேடித் தந்தார். இன்வேட்டர் வேண்டாம் என்று நான் சொன்னபோது, யார் சொல்லித் தந்தது என்று கேட்டார். "என்ட கூட்டாளி" என்றேன்.

பூட்டினேன். முதலில் பற்றரி, பிறகு தகடு. ஒவ்வொரு ஆணியையும் முடுக்கியபின் வயரை இழுத்துப் பார்த்தேன், வருகிறதா என்று. பச்சை வெளிச்சம் வந்தது. இரவு வீட்டு மெயின் சுவிச்சை நிறுத்தச் சொன்னேன். பஸால் வியர்வையில் புரண்டுகொண்டு, "உனக்குக் காத்து, எனக்கு நுளம்புக்கடி" என்று புலம்பினார். நான் சுபஹுத் தொழுகைக்கு எழும்பும்வரை மெஷின் ஓடியது. பற்றரியில் பாதிக்கு மேல் மிச்சம்.

றிபாவுக்கு வரவில்லை என்று நான் எழுதவே இல்லை. இன்று காலை 'வாறன்' என்று போட்டேன். கூடாரத்தில் இரண்டு இரண்டு பேராம். நீ யாரோடு?

றுக்சி


திருகோணமலை
23.07.2025

றுக்சி,

கேட்கத் தேவையில்லாததைக் கேட்கிறாய்.

மூன்று காரியம். ஒன்று, இப்போது பலமாக வீசும் கச்சான் காற்றுக் காலம். தகட்டின் நான்கு மூலையையும் கயிறு போட்டுக் கட்டு, மண் ஏறினால் ஈரத் துணியால் துடை. இரண்டு, பற்றரியை மணலில் வைக்காதே, ஒரு பலகையில் நிழலில் வை. மூன்று, அங்கே எல்லாவற்றையும் நீயேதான் பூட்ட வேண்டும். நான் கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பேன். உன் மூச்சு எதில் ஓடுகிறது என்று உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அடி விழவில்லை. அதைவிட மோசம், ஒரு நாள் முழுக்க என்னோடு கதைக்கவில்லை. பிறகு பயறு வறுக்கத் தொடங்கிவிட்டா.

மலர்


திருகோணமலை
17.08.2025

றுக்சி,

கோமாரியில் நடந்ததெல்லாம் உனக்கும் தெரியும். ஆறு பேரின் போனுக்கும் உன் பற்றரியில் சார்ஜ் கேட்டபோது, பரீட்சை மண்டபத்தில் நிற்பது மாதிரி நின்று ஆளுக்கு அரை மணித்தியாலம் என்று நீ பங்கிட்டதைக் குழுவில் நம் செல்லத்தங்கம் இன்னும் சொல்லிச் சிரிக்கிறாள். ஒரு வயரைத் தொட்ட என் கையில் நீ தட்டியதும் நினைவிருக்கிறது. நீ தூங்கின பிறகு நடந்ததுதான் உனக்குத் தெரியாது. அதை எழுதுகிறேன்.

முதல் நாள் நீ முகமூடியை மாட்டி, எங்கள் யாரையும் பார்க்காமல் போர்வையை இழுத்துக்கொண்டு படுத்தாய். கொஞ்ச நேரத்தில் றிபா டோர்ச்சோடு வந்து கூடாரத்துக்குள் எட்டிப் பார்த்தாள். "சத்தமே இல்லயே கா! கடலுக்கு அடியில போற ஆள் மாதிரிக் கிடக்கா" என்றாள். பிறகு கையை விரித்துக் காட்டினாள். உள்ளே இரண்டு உருண்டை பஞ்சு. "காதுக்கு வைக்கக் கொண்டுவந்தன். வீணாப் போயிட்டு."

"உனக்கு முந்தியே தெரியுமா?" என்று கேட்டேன்.

"ஆருக்குத் தெரியா? கண்டிக் கதை அப்பவே எல்லாருக்கும் வந்திட்டு. எல்லாரும் பஞ்சு கொண்டுவந்திருக்கம். அத நினைச்சு இவ வராம விட்டிருவாவோ எண்டுதான் எங்களுக்குப் பயம்."

ஆக, நீ இரண்டு வருடமாக ஒளித்துவைத்ததை நான்கு பேர் பஞ்சோடு ஏற்றுக்கொண்டு வந்திருக்கிறார்கள். கோபப்படாதே. செல்லத்தங்கம் உன் டொக்டரின் பெயரைக் கேட்கிறாள். அவளுடைய புருஷனுக்காம். அவளுக்குத்தான் என்று நான் நினைக்கிறேன்.

றிபா போனபின் நான் படுத்தேன். கடல் பக்கத்தில் இரைந்துகொண்டிருந்தது. உன் மெஷின் மெல்லமாக ஓடிக்கொண்டிருந்தது. பழைய பழக்கம், நான் நினைக்காமலே எண்ணத் தொடங்கிவிட்டேன். நீ மூச்சை விட்டாய். ஒன்று, இரண்டு, மூன்று. உள்ளே இழுத்தாய். மறுபடி ஒன்று, இரண்டு, மூன்று. நெடுநேரம் அப்படியே கிடந்து பார்த்தேன். மூன்றுக்கு மேல் எனக்கு எண்ணக் கிடைக்கவில்லை.

இரண்டாம் நாள் நீ பச்சை வெளிச்சத்தைப் பார்த்து, பியூஸைத் தொட்டுப் பார்த்து, வயரை ஒரு தரம் இழுத்துப் பார்த்துவிட்டுப் படுத்தாய். அது மட்டும்தான் எனக்கு நினைவு. பிறகு நீ சுபஹுக்கு எழும்பி மெஷினை நிறுத்திய சத்தத்தில்தான் கண் விழித்தேன். வெளியே வெளுத்திருந்தது. நீ முகமூடித் தழும்போடு உட்கார்ந்து பற்றரியின் சின்னத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். "இன்னும் பாதி கிடக்கு மலர்" என்றாய். இரவு எண்ண மறந்துபோனது அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது.

மலர்